பக்குவம்: அடுப்படியிலிருந்து வந்த சொல்

“ஆள் இப்போ ரொம்பப் பக்குவமாயிட்டான்” என்கிறோம். எடுத்ததற்கெல்லாம் எகிறிக்கொண்டிருந்தவன், இப்போது முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசுகிறான் என்று பொருள். இந்தச் சொல் பிறந்த இடம் அடுப்படி.

வடமொழியில் ‘பச்’ என்றால் சமைத்தல். அதிலிருந்து வந்த ‘பக்வ’ என்பதற்கு வெந்தது, பழுத்தது என்று இரண்டு பொருளும் உண்டு. நடுவில் ஓர் உகரம் சேர்ந்து தமிழில் பக்குவம் ஆயிற்று. நளபாகத்தில் இருக்கும் பாகமும் இதே வேர்தான். இந்தி வழியாகச் சுற்றி வந்த இன்னொரு உறவுக்காரர் ‘பக்கா’. அதன் எதிர்ச்சொல் ‘கச்சா’ நம்மிடம் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டது.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதைப் பார்த்தால் சொல்லின் முழுப் பொருளும் பிடிபடும். கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. கல் மாதிரி டொக்கென்று விழுந்தால் காரியம் கெட்டது, அதிரசம் பல்லை உடைக்கும். மெத்தென்று உருண்டு வர வேண்டும். அப்புறமும் அவசரம் கூடாது. மாவைக் கிளறி மூடி, ஒன்றிரண்டு நாள் ஊறவிட வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்த கைக்குத்தான் ‘கைப்பக்குவம்’ என்று பெயர்.

மனிதருக்கும் இந்தச் சொல் பழையது. சைவ சித்தாந்தத்தில் ‘மலபரிபாகம்’ என்பது உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆணவ மலம், அதாவது ஆணவம் என்னும் அழுக்கு, பக்குவப்படும் நிலை. அந்த நிலை வந்ததும் திருவருள் பதியும், அது சத்திநிபாதம். அந்தப் பதிவிலும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு படிகள். பெண்பிள்ளை பெரியவளாவதையும் ‘பக்குவமடைதல்’ என்பதுண்டு. அதற்குப் பூப்பு என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது.

சரி, மனப் பக்குவத்துக்கு நல்ல தமிழ் எது? பலரும் ‘முதிர்ச்சி’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் அதில் வயது ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதுமையின் உறவு அல்லவா? அதன் தம்பி ‘முதிர்வு’ வங்கி வைப்புத்தொகைக்குப் போய்விட்டது. ‘பதம்’ பாகுக்கும் சோற்றுக்கும் கச்சிதம், ஆளுக்குப் பொருந்தாது. ‘கனிவு’ இன்று அன்பான பேச்சைத்தான் குறிக்கிறது.

என்னைக் கேட்டால், ‘பக்வ’ என்பதற்கு நேர் நிற்பது ‘பழுத்தல்’. மாம்பழமும் பழுக்கும், பழுக்கக் காய்ச்சிய இரும்பும் உண்டு. அதாவது மரமும் நெருப்பும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. ‘அனுபவத்தில் பழுத்தவர்’ என்கிறோம். வயதுக்கு மீறிப் பேசும் பிள்ளையைப் ‘பிஞ்சிலே பழுத்தது’ என்று வைகிறோம். வெயிலில் வாடி, நிறம் மட்டும் மாறிய காய்க்கு ‘வெம்பல்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. முப்பதே நாளில் புது மனிதராக்குகிறேன் என்பவர்களின் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் ஞாபகம் வரும்.

ஒரே சிக்கல், பெயர்ச்சொல். ‘பழுப்பு’ என்றால் இப்போது நிறம். நிலத்தை உழுது பண்படுத்துவது போல மனமும் ‘பண்படும்’, அழகான சொல். ஆனால் அதன் பெயரான ‘பண்பாடு’ கலாச்சாரத்துக்குப் போய்விட்டது. அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. என்பார்கள். ஆகவே நான் பெயர்ச்சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டேன். ‘அவருக்குப் பக்குவம் வந்துவிட்டது’ என்பதை ‘அவர் பண்பட்டுவிட்டார்’ என்று எழுதுகிறேன். வயதும் அனுபவமும் சேர்ந்த ஆள் என்றால் ‘பழுத்தவர்’. அதிரசத்துக்கு மட்டும் பக்குவம் அப்படியே இருக்கட்டும்.