ஓபியாய்டு இழப்பீட்டுப் பணம்: பட்டியல் முடிவாகும் முன் மக்களைக் கேளுங்கள்

ஓபியாய்டு எனப்படும், அடிமையாக்கும் வலி நிவாரணி மாத்திரைகளின் ஆபத்தை மறைத்து விற்றதாகவும், சந்தேகத்துக்கு இடமான அளவில் அவற்றை ஊர் ஊராக அனுப்பியதாகவும் தொடரப்பட்ட வழக்குகளின் பலனாக, அமெரிக்க மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் உறுதியாகியுள்ள ஓபியாய்டு இழப்பீட்டுத் தொகை 5,000 கோடி டாலரைத் தாண்டுகிறது. 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நாடு தழுவிய உடன்பாட்டின்படி, மக்கெஸன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் ஆகிய மூன்று விநியோக நிறுவனங்கள் 18 ஆண்டுகளில் 2,100 கோடி டாலர் வரையிலும், ஜான்சன் அண்ட் ஜான்சன் 500 கோடி டாலர் வரையிலும் தர ஒப்புக்கொண்டன. அதில் குறைந்தது 85 விழுக்காடு, பாதிப்பைச் சரிசெய்யும் பணிகளுக்கே செலவாக வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலோ மிக நீளமானது. அளவு மீறி எடுத்து (ஓவர்டோஸ்) மயங்கியவரை மீட்கும் நலோக்சோன் மருந்து வாங்குவதிலிருந்து சிறைக்குள் சிகிச்சை அளிப்பது வரை எல்லாமே அதில் அடங்கிவிடுவதால், எதை எடுப்பது, எதை விடுவது என்ற முடிவு பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகத்தின் கைக்கு வந்துவிடுகிறது.

1998இல் 46 மாநிலங்கள் புகையிலை நிறுவனங்களுடன் செய்துகொண்ட உடன்பாடு, முதல் 25 ஆண்டுகளில் 20,000 கோடி டாலருக்கும் மேல் தரும் என்று கணக்கிடப்பட்டது. அந்தப் பணத்தில் புகைப்பழக்கத் தடுப்புக்குப் போனது மிகச் சிறிய பங்குதான். பெரும்பகுதி பொது பட்ஜெட்டில் கரைந்தது. 85 விழுக்காடு நிபந்தனை அந்தக் கசப்பிலிருந்து வந்தது. ஆனாலும் அதில் ஓட்டை இருக்கிறது. ஏற்கெனவே பட்ஜெட்டில் இருந்த சிகிச்சைச் செலவை இந்தப் பணத்தில் ஏற்றிவிட்டு, மிச்சமாகும் தொகையை வேறு பக்கம் திருப்பிவிடப் பல மாநிலங்களில் தடையில்லை. காவல்துறை வாகனங்களும், கைப்பேசிகளைத் திறந்து பார்க்கும் கருவிகளும் இந்தப் பணத்தில் வாங்கப்பட்டதாகச் செய்திகள் வந்திருக்கின்றன.

கருத்துக்கேட்புக் கூட்டங்களை ஏற்பாடு செய்யும் பொதுச் சுகாதாரப் பணியில் இருப்பவள் என்ற முறையில், இந்த இடத்தில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கூட்டத்தை வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்கு நகராட்சிக் கட்டடத்தில் வைத்து, வாசலில் காவலரிடம் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே வரச் சொன்னால், ஏதோ ஒரு பழைய வழக்கில் பிடிவாரண்டு நிலுவையில் உள்ளவர் அந்தத் தெருப்பக்கமே வரமாட்டார். வருகிறவர்கள் நிதி கேட்கும் அமைப்புகளின் நிர்வாகிகளும் அதிகாரிகளும்தான். அவர்கள் பேசுவதில் தவறில்லை என்றாலும், அதைப் பொதுமக்களின் கருத்து என்று அறிக்கையில் எழுதுவது சரியல்ல. அதே கேள்விகளை ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான மெத்தடோன் மருந்து தரும் ஒரு மருத்துவமனைக்குப் பக்கத்து அறையில், காலையில் மருந்து வாங்க வருகிற நேரத்தில், காப்பியும் ரொட்டியும் பேருந்து அட்டையும் கொடுத்துக் கேட்டபோது, அறுபதைக் கடந்த ஒருவர் இரவுப் பணி முடிந்து இரண்டு பேருந்து மாறி வருவதற்குள் மருந்து தரும் நேரம் முடிந்துவிடுகிறது என்றார். எங்கள் வரைவில் ‘சிகிச்சை விரிவாக்கம்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. மருத்துவமனை எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பது அதில் எங்கும் இல்லை. சிகிச்சையின் தொடக்கத்தில் பெரும்பாலும் நாள்தோறும் நேரில் வந்தாக வேண்டிய மருந்து அது.

கேட்காவிட்டால் யார் விடுபட்டுப்போவார்கள் என்பதற்கு மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரம் பொருத்தமான உதாரணம். நாடு தழுவிய உடன்பாட்டில் சேராமல் தனியே வழக்காடிய அந்நகரம், பல நிறுவனங்களுடன் செய்த சமரசங்களில் 40 கோடி டாலருக்கு மேல் பெற்றது. 2024 நவம்பரில் நடுவர் குழு கூடுதலாகத் தீர்ப்பளித்த 26.6 கோடி டாலரை, 2025இல் நீதிபதி ஏறத்தாழ 5.2 கோடியாகக் குறைத்தார். 2024 ஆகஸ்டில் மேயர் பிராண்டன் ஸ்காட் பிறப்பித்த ஆணை, இந்தத் தொகையைக் குறைந்தது 15 ஆண்டுகளுக்கு நீடிக்கும் நிதியமாக்கி, ஓர் ஆலோசனைக் குழுவையும் ஏற்படுத்தியது. அங்கே ஆறே ஆண்டுகளில் ஏறக்குறைய 6,000 பேர் ஓவர்டோஸில் இறந்தார்கள். ஐம்பதைக் கடந்த கறுப்பின ஆண்கள் அவர்களில் மக்கள்தொகை விகிதத்தை வெகுவாக மீறிய அளவில் இருந்தார்கள். போதை என்றதும் இளைஞர்களுக்கான பள்ளி நிகழ்ச்சிகளை நினைக்கும் ஒரு குழுவுக்கு, முதியோர் குடியிருப்புகளின் பெயர் தானாகத் தோன்றாது. அங்கே வசிப்பவர்கள் குழுவில் வாக்குரிமையோடும் படித்தொகையோடும் அமர வேண்டும். ஆலோசனை மட்டும் கேட்டு அனுப்பிவிட்டால், முடிவு எடுக்கும் நாளில் அவர்கள் மறக்கப்படுவார்கள்.

வட கரோலினாவின் ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது. உறுதியான பலன் தெரிந்த பணிகளின் சிறு பட்டியலிலிருந்து ஒரு கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய பட்டியலுக்குப் போக விரும்பினால், பலதரப்பு மக்களையும் சேர்த்துக்கொண்டு திட்டமிட்ட பிறகே போக முடியும். ஒஹையோவில் நடந்தது இதற்கு நேரெதிர். அங்கே தொகையில் 55 விழுக்காட்டைக் கையாளும் அறக்கட்டளை தன் ஆவணங்களைத் தர மறுத்தது. தர வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. அதே ஆண்டு சட்டமன்றம் பட்ஜெட் மசோதா வழியாக அந்த அறக்கட்டளைக்குப் பொது ஆவணச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துவிட்டது.

அமெரிக்காவில் வசிக்கும் தமிழர்கள், இது நமக்குச் சம்பந்தமில்லாத பணம் என்று நினைக்க வேண்டியதில்லை. உங்கள் கவுண்டிக்கும் இதில் பங்கு வந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். கவுன்சில் கூட்டங்களில் பொதுமக்கள் பேசுவதற்கென்று சில நிமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பெரும்பாலான இடங்களில் பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை, விசாவில் இருப்பவரும் பேசலாம். சென்ற ஆண்டு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, அது எந்த அமைப்புக்குப் போனது, அந்த வேலைக்கு முன்பு எந்தக் கணக்கிலிருந்து பணம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். இவற்றில் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தரச் சொல்லுங்கள்.