நேட்டிவிட்டி என்றால் குடில் இல்லை

போன வாரம் ஒரு கட்டுரையில் 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் கிர்லாந்தாயோவின் சுவரோவியம் ஒன்றைப் போட்டு, கீழே 'குடில் காட்சி' என்று எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் 'நேட்டிவிட்டி' என்று இருப்பதற்கு இந்த மொழிபெயர்ப்பை எத்தனை தடவைதான் பார்ப்பது! அந்தப் படத்தில் குடிலே கிடையாது. மாடு இல்லை, வைக்கோல் இல்லை. பணக்கார வீட்டு அறை. கட்டிலில் அன்னம்மாள் சாய்ந்திருக்கிறார், ஒரு பணிப்பெண் குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றுகிறாள், பட்டுடுத்திய பெண்கள் வரிசையாகப் பிள்ளை பார்க்க வந்து நிற்கிறார்கள். பிறந்திருப்பது இயேசு இல்லை, அன்னம்மாளின் மகளும் இயேசுவின் தாயுமான மரியா.

நேட்டிவிட்டி என்பது 'நாத்திவித்தாஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பொருள் பிறப்பு, அவ்வளவுதான். இத்தாலியர் கிறிஸ்துமஸை 'நத்தாலே' என்பதும், போர்த்துக்கீசியர் வழியாக வந்து இலங்கைத் தமிழர் 'நத்தார்' என்பதும் இதே வேர்தான். சினிமாக்காரர்கள் மண்வாசனைக்குச் சொல்லும் நேட்டிவிட்டியும் தூரத்துச் சொந்தம்.

சரி, குடில் எங்கிருந்து வந்தது? 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் பிரான்சிஸ் அசிசியார் என்ற துறவி மாடும் கழுதையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பிக் கிறிஸ்து பிறப்பைக் கண்முன் காட்டினார். அந்த வழக்கம் பரவித்தான் நாம் டிசம்பரில் வீட்டில் குடில் வைக்கிறோம். அதற்குக் குடில் என்பது அருமையான பெயர், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் குடில் என்பது இடம், பிறப்பு என்பது நிகழ்வு. லூக்கா நற்செய்தியிலேயே தீவனத் தொட்டிதான் வருகிறது, குடில் என்ற பேச்சே இல்லை. பழைய பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) ஓவியங்களில் குழந்தை பிறப்பது குகையில். இதே கிர்லாந்தாயோ 1485இல் புளோரன்சின் சாந்தா திரினிதா கோயிலுக்கு வரைந்த படத்தில் கூரையைத் தாங்குவது ரோமானியத் தூண்கள், தீவனத் தொட்டியாக இருப்பது எழுத்து வெட்டிய பழைய கல் சவப்பெட்டி. பழைய உலகம் முடிந்த இடத்தில் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஓவியர் சொல்வதாகத்தான் நான் வாசிக்கிறேன். 'குடில் ஓவியம்' என்று தலைப்புப் போட்டால் யார் அந்தக் கல்லைக் கவனிப்பார்கள்? கண் கூரைக்குப் போய்விடும்.

மொழிபெயர்க்கிறவர்கள் சொல்லைப் பார்ப்பதே இல்லை, முன்பு பார்த்த வாழ்த்து அட்டையை நினைவில் வைத்து எழுதுகிறார்கள். இதில் 'ஜாதகம்' என்று போடுகிறவர்களும் உண்டு. அகராதியில் சோதிடப் பொருளைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். 'ஜனனம்' தப்பில்லை, ஆனால் 'பிறப்பு' இருக்கும்போது அது எதற்கு? மரியாதை வேண்டுமென்றால் 'திருப்பிறப்பு' என்று எழுதலாம். இயேசு, மரியா, திருமுழுக்கு யோவான் மூவருக்கும் அது பொருந்தும். திருச்சபை பிறந்தநாள் விழா எடுப்பதும் இந்த மூவருக்குத்தான். வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8 அன்று கொண்டாடுவது மரியாவின் பிறப்பு விழா. அந்த நாளைப் 'பிறப்பு' என்று இயல்பாகச் சொல்கிற நமக்கு, ஓவியம் என்று வந்ததும் ஏன் சொல் மாறுகிறது?

அந்தக் கட்டுரைப் படத்துக்கே திரும்புகிறேன். அது புளோரன்சின் சாந்தா மரியா நோவெல்லா கோயிலில், 1485க்கும் 1490க்கும் இடையில் தீட்டிய தொடரில் உள்ளது. அறைச் சுவரின் மேற்பகுதியில் இசைக்கும் குழந்தைகளின் வரிசை. அதற்குக் கீழே லத்தீனில், 'கடவுளின் தாயான கன்னியே, உமது பிறப்பு உலகம் முழுவதற்கும் மகிழ்ச்சியை அறிவித்தது' என்று எழுதியிருக்கிறது. முதல் சொல்லே 'நாத்திவித்தாஸ்'.