ஆணையம்: நெடுஞ்சாலைப் பலகையில் நிற்கும் ஒரு சொல்

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்கு வரும் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் நீலப் பலகை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ‘இந்திய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம்’ என்று அதில் எழுதியிருக்கும். இந்தியாவுக்கும் தேசியத்துக்கும் இடையே வரவேண்டிய வல்லெழுத்தைப் பலகை எழுதியவர் விட்டுவிட்டார், அது கிடக்கட்டும். ஆங்கிலத்தில் இது ‘நேஷனல் ஹைவேஸ் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா’. திருச்சிப் பக்கத்து நாளிதழ்கள் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நகாய்’ என்று சுருக்குகின்றன. ஊர்க்காரர்களுக்கோ மாநில அரசின் துறையானாலும் மத்திய அரசின் அமைப்பானாலும் எல்லாரும் ‘ஹைவேஸ்காரர்கள்’தான்.

பெயரின் நடுவில் நிற்கும் ‘நெடுஞ்சாலை’ இன்று ஐயம் தராத சொல். ஆனால் அதன் பின்பாதி வழியைக் குறிக்கப் பிறந்ததன்று. சாலை என்பது முதலில் கூடம், இடம். பாடசாலை, அறச்சாலை, தொழிற்சாலை ஆகியவற்றில் அந்தப் பொருள் இன்றும் வாழ்கிறது. இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் ‘காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி’ என்ற தொடரைப் படித்துவிட்டு, சோழன் ஏதோ ஒரு ரோட்டை அழித்தான் என்று எண்ணிய கல்லூரி மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும். அங்கே சாலை ஒரு நிறுவனம். அது எத்தகையது என்பதில்தான் அறிஞர்களிடையே வழக்கு. வழியைக் குறிக்கும் சாலை, இருபுறமும் மரம் வைத்த நிழல்வழி என்ற பொருளில் பரவியது. மங்கம்மாள் சாலை என்று தென்மாவட்டங்களில் இன்றும் சொல்வது அந்த வழக்கைத்தான்.

கல்வெட்டுத் தமிழில் இதற்கு நேரான சொல் ‘பெருவழி’. கோவைப் பக்கத்தில் இராசகேசரிப் பெருவழி, தருமபுரிப் பக்கத்தில் அதியமான் பெருவழி. நாவற்றாவளத்துக்குக் காதம் 29 என்று சொல்லும் அதியமான் பெருவழிக் கல்லில், எழுத்தோடு குழிகளையும் வெட்டித் தூரத்தைக் காட்டியிருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலையோரம் மஞ்சள் தலையோடு இன்று நிற்கும் கல்லின் பாட்டன் அது. கிலோமீட்டரைக் காட்டும் கல்லை நாம் இன்னும் மைல்கல் என்றே அழைப்பது வேறு கதை.

‘ஹைவே’ என்ற ஆங்கிலச் சொல்லில் இருப்பது உயரம். தமிழாக்கியவர்கள் அதை விட்டு நீளத்தை எடுத்துக்கொண்டார்கள். நல்ல முடிவு என்றே சொல்வேன். ஆனால் காவிரிப் படுகையில் உயரமும் பொய்யில்லை. வயலைவிட ஆளுயரம் மண் கொட்டி மேலெழுப்பிய சாலை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு கரையாகவே மாறிவிடுகிறது. பாசன வாய்க்காலுக்குப் பாலம் விட்டவர்கள் வடிகாலுக்கு ஒரு குழாய் விட மறந்தால், சாலைக்கு மேற்கே சம்பாப் பயிர் முழுகிக் கிடக்க, கிழக்கே வரப்புத் தெரியும். இங்கே நெடுஞ்சாலையைப் பற்றிப் பேசுவோர் அகலத்தைவிட மதகுகளின் எண்ணிக்கையை முதலில் கேட்பது அதனால்தான்.

‘தேசிய’ என்பதற்கு ‘நாட்டு’ என்று எழுதலாமே எனத் தனித்தமிழ் அன்பர்கள் கேட்பதுண்டு. எழுதலாம், ஆனால் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் நாட்டுச்சாலை என்றே ஓர் ஊர் இருக்கிறது.

சிக்கல் ‘அத்தாரிட்டி’க்கு வைத்த கடைசிச் சொல்லில்தான். ‘ஆணை’ என்றால் கட்டளை. ‘உன்மேல் ஆணை’ என்னும்போது சூளுரை. வடமொழி ‘ஆஜ்ஞா’ பிராகிருதத்தின் வழியாக இங்கே வந்து ஆணையாயிற்று என்பார் ஒரு சாரார். தமிழ் வேருடையதே என்பார் மறு சாரார். எப்படியாயினும் ஆணையிடும் உரிமை பெற்ற அமைப்பு ஆணையம் என்பது இயல்பான ஆக்கம். ஆனால் அதே சொல்லை நாம் ‘கமிஷன்’ என்பதற்கும் வைத்துக்கொண்டோம். கமிஷனரை ஆணையர் என்றாக்கியபின், அவர் சார்ந்த அமைப்பு ஆணையம் ஆவதைத் தடுக்க முடியவில்லை. தேர்தல் ஆணையம், மகளிர் ஆணையம், விசாரணை ஆணையம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. நெடுஞ்சாலைகள் ஆணையத்திலோ ஆணையர் என்று ஒருவர் இல்லை, தலைவரும் உறுப்பினர்களும்தான். விசாரித்து அறிக்கை தரும் குழுவும், நிலம் எடுத்துச் சாலை போட்டுக் கட்டணம் வாங்கும் அமைப்பும் ஒரே பெயரில் நடமாடுகின்றன.

இந்தச் சொற்களின் எடையைப் படுகை உழவர்கள் அகராதி பார்த்துக் கற்கவில்லை. 2007இல் வந்த காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு பரிந்துரைத்தது ‘காவிரி மேலாண்மை வாரியம்’. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அவ்வாண்டு ஜூன் 1ஆம் நாள் அரசிதழில் வெளியான திட்டத்தில் இருந்ததோ ‘ஆணையம்’. வாரியத்துக்கு இருந்திருக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டா என்று அந்தக் கோடையில் டீக்கடைதோறும் வாதம் நடந்தது. ஒரு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கணக்குப் போட்ட ஊர் இது.

நாகப்பட்டினத்துக்குக் கடல் தாண்டி இருக்கும் ஈழத் தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. தேர்தலுக்கு அங்கே ஆணைக்குழு; சாலைக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை. நாமும் விசாரணைக்கும் பரிந்துரைக்கும் உரியவற்றை ஆணைக்குழு என்று மாற்றிக்கொண்டு, செயலதிகாரம் உடையவற்றுக்கு மட்டும் ஆணையத்தை ஒதுக்கினால் பொருள் தெளியும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் ‘அத்தாரிட்டி’ என்ற இதே ஆங்கிலச் சொல்லைக் குழுமம் ஆக்கியிருக்கிறார்கள். அதில் கூட்டம் தெரிகிறதே தவிர அதிகாரம் தெரியவில்லை.

அந்த அதிகாரம் எவ்வளவு என்பதையும் சட்டத்தை வைத்தே அளக்கவேண்டும். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய நெடுஞ்சாலைகள் மத்திய அரசுக்கு உரியவை. 1988இல் இயற்றிய தனிச் சட்டத்தின்கீழ் அமைந்து 1995 பிப்ரவரியில் செயல்படத் தொடங்கிய ஆணையம், மத்திய அரசு அறிவிக்கையின்வழி ஒப்படைக்கும் நீளங்களை மட்டுமே மேம்படுத்தவும் பராமரிக்கவும் மேலாளவும் கடமைப்பட்டது. தானாகத் தார் காய்ச்சுவதில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரி, வேலையைக் கொடுத்து, மேற்பார்க்கிறது. ஒப்படைக்காத நீளங்களை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலை அலகு பார்த்துக்கொள்கிறது. ஆகவே கல்லின் தலை மஞ்சளாக இருப்பதாலேயே அது ஆணையத்தின் சாலை என்று முடிவுகட்டக் கூடாது. சாலைப் பள்ளம் பற்றி நான் மாநிலத் துறையின் ஒரு கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்த மனு, ‘இச்சாலை இக்கோட்டத்தின் பராமரிப்பில் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பியது. ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கு எழுதியிருக்கவேண்டும்.

நிலம் எடுக்கும்போது ‘அத்தாரிட்டி’ என்ற அதே ஆங்கிலச் சொல் மறுபடி வேடம் மாறுகிறது. கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்டும் அறிவிப்பில், சர்வே எண், உட்பிரிவு, நஞ்சை, புஞ்சை என்று வரிசையாகப் போய்க் கீழே ‘தகுதிவாய்ந்த அதிகாரி மற்றும் தனி மாவட்ட வருவாய் அலுவலர் (நில எடுப்பு)’ என்று கையெழுத்து இருக்கும். இங்கே அது அமைப்பன்று, ஆள். ஆட்சேபணையை அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் கொடுக்கவேண்டியது இவரிடம், இழப்பீட்டைத் தீர்மானிப்பவரும் இவரே. அந்தத் தொகை போதாது என்றால் மத்திய அரசு அமர்த்தும் நடுவரிடம் போகவேண்டும். ஆணையத்துக்கு நிலம் கிடைக்கிறது, ஆனால் விலை சொல்பவர் வேறொருவர். பெயர்கள் மயங்குவதால் இருவருக்கும் அனுப்பவேண்டிய கடிதங்கள் முகவரி மாறிப் போய்ச் சேர்கின்றன. 21 நாளோ ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆணையத்தோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு சொல் ‘சுங்கச்சாவடி’. சுங்கம் என்பது சரக்கின்மீது விதித்த வரி. அதை நீக்கியதால் முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்று பெயர். திருச்சி–தஞ்சாவூர்ச் சாலையில் துவாக்குடியைத் தாண்டி வாழவந்தான்கோட்டைச் சாவடியில் வாங்குவது வரி அன்று. சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். 2008ஆம் ஆண்டு விதிகளும் கட்டணம் என்றே சொல்கின்றன. எனவே ‘கட்டணச்சாவடி’ என்பதே பொருந்தும். ஆனால் வழக்கு விதிகளைக் கேட்டு நடப்பதில்லை. கொள்ளிடத்துக்கு வடகரையில் நம்பர் ஒன் டோல்கேட் என்று ஊரே ஒன்று இருக்கிறது. அங்கே நின்ற கேட் போய்விட்டது, பஸ் கண்டக்டர் இன்றும் ‘டோல்கேட் எறங்கு’ என்றுதான் கூவுகிறார்.