தேத்தான்கொட்டை கடல் உப்பை எடுக்குமா?

தேவகோட்டையில் அப்பத்தா வீட்டு மண்பானைக்குள் ஊருணித் தண்ணீர் ஊற்றும் முன், உட்புறமெல்லாம் தேத்தான்கொட்டையை இழைத்துவிடுவார்கள். இரவு கலங்கலாக ஊற்றிய தண்ணீர், விடிந்து பார்த்தால் தெளிந்திருக்கும். கிழக்கே தொண்டிக்குப் போனால் கடலே கிடக்கிறதே, அந்தத் தண்ணீரையும் இப்படிக் குடிக்க வைத்தால் என்ன? சின்ன வயதில் எனக்கு வந்த இந்தக் கேள்வியை இப்போதும் பலர் கேட்கிறார்கள். முடியாது. ஆனால் அதற்கான காரணம் அழகானது.

ஊருணித் தண்ணீரைக் கலக்குவது நுண்ணிய களிமண் துகள்கள். எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். தேத்தான்கொட்டையில் இருந்து கரையும் சங்கிலி போன்ற நீண்ட மூலக்கூறுகள் அவற்றைக் கோத்துக் கட்டியாக்கிவிடும். இதே போல் தண்ணீரைத் தெளிய வைக்கும் முருங்கை விதையின் புரதமோ நேர்மின்னூட்டம் கொண்டது. அது களிமண்ணைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். கடலிலோ இந்த வேலையை உப்பே செய்துவிடுகிறது! உப்பின் அயனிகள் சூழ்ந்துகொண்டு துகள்களின் மின்னூட்டத்தை மறைக்க, அவை தாமே ஒட்டித் திரண்டு படிகின்றன. ஆற்று முகத்துவாரங்களில் வண்டல் சேர இதுவும் ஒரு காரணம். ஆக, நம் கொட்டைக்குக் கடலில் பெரிய வேலையில்லை.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு அயனிகளாகவே கரைந்து கிடக்கிறது. மணல் வடிகட்டியின் இடுக்குகளுக்கு அயனி எம்மாத்திரம்? தாராளமாக நழுவிப் போய்விடும். சிரட்டைக்கரி நாற்றத்தை இழுக்கும், உப்பை விட்டுவிடும்.

சரி, வழி என்ன? உப்புப் போட்டுக் கொதிக்கும் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். முத்து முத்தாக நிற்கும் துளிகளில் உப்பே இருக்காது. நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. உப்பளத்தில் நாம் பறக்கவிடும் அந்த ஆவியைத்தான் இங்கே பிடிக்க வேண்டும். ஆழமில்லாத தொட்டி, அடியில் கரித்தூள் பூச்சு, மேலே சாய்வான கண்ணாடி, அதன் கீழ் விளிம்பில் ஒரு வாய்க்கால். கருப்பு வெயிலை விழுங்கி நீரைச் சூடாக்கும். ஆவி கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து வாய்க்காலுக்கு வழியும். சாய்வு போதவில்லை என்றால் துளிகள் வழியாமல் தொட்டிக்குள்ளேயே திரும்பச் சொட்டும்.

ஒரு லிட்டரை ஆவியாக்கச் சுமார் 0.65 யூனிட் (மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்) வெப்பம் வேண்டும். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் 5 முதல் 6 யூனிட் விழுகிறது. கணக்குப்படி 8 லிட்டர் வர வேண்டும். சுவரிலும் காற்றிலும் வெப்பம் போவதால் உண்மையில் 2 முதல் 4 லிட்டர்தான். இழப்பைக் குறைக்க மேற்பரப்பைக் கருக்கிய மரத்துண்டை மிதக்கவிடும் ஆய்வுகள் நடக்கின்றன. மரத்தின் நுண்குழாய்கள் நீரை மேலே உறிஞ்ச, தொட்டி முழுதும் சூடாகாமல் மேல்பரப்பு மட்டும் சூடாகும். எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இதுதான்.

இதற்குக் கடல்வரை போகவும் வேண்டாம். உவர்ப்பேறிய போர்த் தண்ணீரையே ஊற்றலாம். வெப்பம் செலவாவது நீரை ஆவியாக்கத்தான் என்பதால், உப்பு குறைவு என்று பெரிதாக அதிகம் வராது, ஏறக்குறைய அதே அளவுதான் கிடைக்கும். ஆனால் அடியில் படியும் உப்பைச் சுரண்டும் வேலை வெகுவாகக் குறையும்.