காமுண்டா எஞ்சினை வெப் ஆப்புக்குள்ளேயே ஓட்டுகிறீர்களா? கனெக்‌ஷன் கணக்கை முதலில் பாருங்கள்

விண்ணப்பம், ஒப்புதல் போன்ற வேலைகளைப் படிப்படியாக ஓட்டும் எஞ்சின் காமுண்டா 7. அதை ஸ்பிரிங் பூட் (ஜாவா) ஆப்புக்குள் சேர்ப்பது சுலபம். ஒரு டிபென்டன்சி, படிகளை வரைந்து வைத்த ஒரு பிபிஎம்என் ஃபைல், அவ்வளவுதான். டெஸ்ட்டிங்கில் ஓர் ஆள் மட்டும் கிளிக் செய்யும்போது குறையே தெரியாது. நூறு பேர் ஒரே நேரத்தில் விண்ணப்பம் அனுப்பும்போதுதான் பக்கங்கள் சரியாக 30 விநாடி சுற்றிவிட்டு எரர் காட்டும்.

அந்த 30 விநாடி, டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்து வைத்துப் பங்கிடும் ஹிக்காரி பூலின் டிஃபால்ட் காத்திருப்பு நேரம். வெப் ரிக்வெஸ்ட்டுகளைக் கவனிக்கும் டாம்கேட்டில் டிஃபால்ட்டாக 200 த்ரெட். ஹிக்காரியில் 10 கனெக்‌ஷன். அந்த பத்தில்தான் எஞ்சினின் பின்னணி வேலைகளை (ஜாப்) ஓட்டும் ஜாப் எக்ஸிகியூட்டரும் கை வைக்கிறது. அதற்கு 10 த்ரெட் வரை உண்டு. சர்வீஸ் டாஸ்க் (கோடு ஓடும் படி) ஒன்று வெளி ஏபிஐயை அழைத்து 4 விநாடி காத்திருந்தால், திறந்திருக்கும் டிரான்சாக்‌ஷன் அந்த நேரம் முழுக்க ஒரு கனெக்‌ஷனைப் பிடித்து வைத்திருக்கும். பத்தை நான்கால் வகுத்துப் பாருங்கள்: விநாடிக்கு இரண்டரை ரிக்வெஸ்ட்!

பூலை 200 ஆக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். போஸ்ட்கிரஸ் டிஃபால்ட்டாக மொத்தமே 100 கனெக்‌ஷன்தான் தரும். ஆப் இரண்டு சர்வரில் ஓடினால் அதையும் பங்கு போட வேண்டும். சரியான வழி, வெளி அழைப்புக்கு முந்தைய இடத்தில் ‘அசிங்க் பிஃபோர்’ போடுவது. ரிக்வெஸ்ட் அதுவரை செய்ததைச் சேமித்து, அங்கேயே கமிட் ஆகித் திரும்பிவிடும், மிச்சத்தை ஜாப் எக்ஸிகியூட்டர் பார்த்துக்கொள்ளும். அழைப்பு நீளமானதென்றால் ‘எக்ஸ்டர்னல் டாஸ்க்’ இன்னும் நல்லது. வொர்க்கர் என்ற தனி புரோகிராம் வெளியே வேலை செய்யும்போது எஞ்சின் பக்கம் எந்த கனெக்‌ஷனும் மாட்டிக்கொள்ளாது.

இன்னொரு வில்லங்கம், டெலிகேட்டுக்குள் (சர்வீஸ் டாஸ்க்கின் ஜாவா கோடு) ஆடிட் பதிவுக்காக ‘ரிக்வயர்ஸ் நியூ’ என்று தனியாக இன்னொரு டிரான்சாக்‌ஷன் திறப்பது. பத்து ரிக்வெஸ்ட்டும் ஆளுக்கொரு கனெக்‌ஷனை வைத்துக்கொண்டு இரண்டாவதுக்கு நிற்கும், யாருக்கும் கிடைக்காது. சிபியூ சும்மா இருக்கும். த்ரெட் டம்ப் எடுத்தால் எல்லா த்ரெட்டும் கனெக்‌ஷன் கேட்டு நிற்பது தெரியும்.

அடுத்தது, லாகில் அடிக்கடி தலைகாட்டும் ‘ஆப்டிமிஸ்டிக் லாக்கிங்’ எக்செப்‌ஷன். இது எஞ்சினின் பக் அல்ல, பாதுகாப்பு. டேபிளின் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ரிவிஷன் எண் இருக்கிறது. இருவர் ஒரே வரிசையை மாற்றினால் பின்னால் வந்தவரின் மாற்றம் ரோல்பேக் (ரத்து) ஆகும். பயனர் ‘ஒப்புதல்’ பட்டனை இருமுறை அமுக்கியதால் வந்ததென்றால் 500 (சர்வர் எரர்) காட்டாமல் 409 (மோதல்) அனுப்புங்கள்.

ஒரே நேரத்தில் ஓடும் கிளைகள் பேரலல் கேட்வேயில் இணையும் இடத்தில்தான் இது கடிக்கும். இரண்டு கிளைகள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால், ஒன்று அதற்கு முந்தைய கமிட்வரை பின்னோக்கிப் போகும். நடுவில் எஸ்எம்எஸ் அனுப்பும் படி இருந்தால் வாடிக்கையாளருக்கு இரண்டு எஸ்எம்எஸ். இணையும் கேட்வேயிலேயே ‘அசிங்க் பிஃபோர்’ போட்டால் இணைப்பு மட்டும் மறுபடி ஓடும். ஒரே பிராசஸின் ஜாப்களை ஒவ்வொன்றாக ஓட்டும் ‘எக்ஸ்க்ளூசிவ்’ டிஃபால்ட்டாக இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். அது ஜாப்களுக்குள்தான் வரிசை போடும். வெப் ரிக்வெஸ்ட் வழியாக ஒரு கிளை வந்தால் தடுக்காது. மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்கள் ஐசொலேஷனை (ஒருவரின் மாற்றம் இன்னொருவருக்கு எப்போது தெரியும் என்ற அமைப்பு) ‘ரீட் கமிட்டட்’ ஆக்க மறக்கக் கூடாது. அதன் டிஃபால்ட் வேறு.

எடுத்த ஜாப்பை மற்ற சர்வர் தொடாமல் காக்கும் லாக் டிஃபால்ட்டாக 5 நிமிடம். அதைத் தாண்டி ஓடும் ஜாப்பை இன்னொரு சர்வர் எடுத்து மறுபடி ஓட்டும். டேட்டாபேஸில் ஒன்று தோற்கும். பணமோ இருமுறை போயிருக்கும். முந்தைய படியில் ஒரு தனி எண் உருவாக்கி, பிராசஸ் வேரியபிளாகக் கமிட் செய்து, பேமெண்ட் அழைப்பில் அதையே ஐடெம்பொடென்சி கீயாக (இருமுறை அழைத்தாலும் ஒருமுறை மட்டும் நடக்க உதவும் அடையாளம்) அனுப்புங்கள். லாக் காலாவதி சர்வரின் கடிகாரத்தை வைத்துத்தான் கணிக்கப்படுகிறது, எல்லா சர்வரிலும் கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் என்டிபி ஓட வேண்டும்.

வெப் சர்வர்களில் ஜாப் எக்ஸிகியூட்டரை அணைத்து, தனி சர்வரில் மட்டும் ஓட்டுவது நல்ல பிரிவுதான். ஆனால் புது ஜாப் வந்த செய்தி அதே ஜேவிஎம்முக்குள் (ஆப் ஓடும் அதே ஜாவா பிராசஸ்) மட்டும்தான் எக்ஸிகியூட்டரை எழுப்பும். வேலையில்லாத எக்ஸிகியூட்டர் 5 விநாடியில் தொடங்கி, காத்திருப்பை இரட்டித்துக்கொண்டே 60 விநாடிவரை போகும். இரவில் வரும் முதல் விண்ணப்பம் ஒரு நிமிடம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடப்பது இதனால்தான். ‘மேக்ஸ் வெயிட்’டை 5 விநாடிக்குக் குறைத்தால் போதும், டேட்டாபேஸுக்குக் கூடும் சுமை, 5 விநாடிக்கு ஒரு சிறிய கொயரி.