1.2 வோல்ட்டில் எரியும் பழைய வாசல் விளக்கு

வெள்ளையடிக்கும்போது கழற்றிய வாசல் விளக்கு ஒன்று பல வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கும். இரும்புக் கூண்டு, உள்ளே பால் கண்ணாடி டூம், அதற்குள் குண்டு பல்பு மாட்டும் பித்தளை ஹோல்டர். எங்கள் வீட்டுப் பரணில் இப்படி இரண்டு இருந்தன. தோட்டத்தில் வேறொரு கதை: மண்ணில் குத்தி வைக்கிற சின்ன சோலார் விளக்குகள் நான்கு வாங்கி வைத்தேன், இரண்டே கோடையில் பிளாஸ்டிக் வெளுத்து நொறுங்கிவிட்டது, மூடியைத் தொட்டாலே உடைகிறது. ஆனால் திறந்து பார்த்தால் நான்கில் மூன்றுக்கு உள்ளே இருந்த சர்க்யூட் நன்றாகவே இருந்தது. செத்திருந்தது பேட்டரி மட்டும். முப்பது வருட மழையைத் தாங்கிய கூண்டு பரணில் சும்மா கிடக்க, நல்ல சர்க்யூட்டை நொறுங்கிய பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. சர்க்யூட்டைக் கழற்றிக் கூண்டுக்குள் வைத்துவிட்டேன்.

அந்தச் சர்க்யூட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கட்டைவிரல் நகம் அளவு பலகை. அதில் நான்கு கால் உள்ள ஒரு ஐசி (மின்னணுச் சில்லு, பெரும்பாலும் ஒய்எக்ஸ் 8018 அல்லது க்யூஎக்ஸ் 5252 வகை), வெளிர்பச்சை நிறத்தில் வண்ணக் கோடுகள் போட்ட ஒரு குண்டுக் காயில் (கம்பிச் சுருள்), ஒரு எல்இடி, பேட்டரிக்கும் சோலார் பேனலுக்கும் போகும் ஒயர்கள். இவ்வளவுதான்.

பேட்டரி தருவது 1.2 வோல்ட். வெள்ளை எல்இடிக்கோ கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும். ஏன் 3? வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி, அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பொடி பூசியிருப்பார்கள், நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நீல ஒளியின் ஒரு துகளுக்குச் சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், அதை ஒரு எலக்ட்ரான் கொண்டுவர வேண்டுமானால் அதற்கு ஏறக்குறைய அந்த அளவு வோல்ட்டேஜ் கிடைத்தாக வேண்டும். அதனால் 1.2 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் மங்கலாகக்கூட எரியாது. (இந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள்.)

அந்த இடைவெளியை நிரப்புவது காயில். மாடித் தொட்டியிலிருந்து வேகமாகத் தண்ணீர் வரும் குழாயைச் சட்டென்று மூடினால் பைப்புக்குள் டொம்மென்று ஒரு சத்தம் கேட்கும் இல்லையா, ஓடி வந்த தண்ணீர் உடனே நிற்க முடியாமல் முட்டுவதால் வருவது அது. காயிலில் ஓடும் மின்னோட்டத்துக்கும் இதே குணம் உண்டு. ஐசி உள்ளே ஒரு சுவிட்சைப் போடுகிறது, காயிலில் கரண்ட் ஏறுகிறது, அதைச் சுற்றிக் காந்தப்புலம் உருவாகிறது. அப்புறம் சுவிட்சை அணைக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கரண்ட் சட்டென்று நிற்க மறுத்து, காந்தப்புலத்தில் சேர்ந்த ஆற்றலைப் போட்டுத் தள்ளுகிறது, வோல்ட்டேஜ் எகிறுகிறது, 3 வோல்ட்டைத் தொட்டதும் எல்இடி வழியாகப் பாய்ந்துவிடுகிறது. இது நொடிக்குப் பல்லாயிரம் முறை நடப்பதால் கண்ணுக்குச் சீரான வெளிச்சமாகத் தெரிகிறது. காயிலின் மதிப்பைக் குறைத்தால் எல்இடி இன்னும் பளிச்சென்று எரியும், பேட்டரியும் அதே வேகத்தில் காலியாகும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இன்னொரு விஷயம். இருட்டினால் தானாக எரிய வைக்கத் தனி சென்சார் எதுவும் இதில் கிடையாது. பேனல்தான் சார்ஜர், பேனல்தான் கண். பேனலை உற்றுப் பார்த்தால் பட்டை பட்டையாகத் தெரியும், ஒவ்வொரு பட்டையும் அரை வோல்ட் தரும் ஒரு சிலிக்கான் செல், நான்கைத் தொடராக இணைத்தால் 2 வோல்ட். பகலில் அந்த வோல்ட்டேஜ் வந்துகொண்டிருக்கும்வரை ஐசி பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டு விளக்கை அணைத்தே வைத்திருக்கும், பொழுது சாய்ந்து வோல்ட்டேஜ் விழுந்ததும் எல்இடியை எரிய விடும். இது தெரியாமல் நான் முதல் விளக்கில் பேனலைக் கூண்டின் அடியிலேயே ஒட்டிவிட்டேன். ராத்திரி விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது: எரிகிறது, தன் வெளிச்சம் பேனலில் படுகிறது, பகல் என்று நினைத்து அணைகிறது, இருட்டாகிறது, மறுபடி எரிகிறது. தெரு விளக்கு நேராக விழும் இடத்தில் பேனல் வைத்தாலும் சிக்கல்தான், விளக்கு எரியாமலே கூடப் போகலாம்.

அதனால் பேனலை விளக்கிலிருந்து பிரித்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, ஒயரைக் கீழே இறக்குவது நல்லது. கரண்ட் மிகக் குறைவு என்பதால் சில மீட்டர் ஒயரில் ஒன்றும் பெரிதாக வீணாகாது. நிழல் மட்டும் விழக்கூடாது. செல்கள் தொடராக இருப்பதால், ஒரு பட்டையைக் காக்கை எச்சமோ முருங்கை இலையோ மறைத்தால் மொத்தப் பேனலின் கரண்ட்டும் படுத்துவிடும். பேட்டரியையும் பேனலுக்கு அடியில் வைக்காதீர்கள். உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும், இந்த விளக்கில் பேட்டரியாக இருக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லோ 45 டிகிரிக்கு மேல் சரியாகச் சார்ஜ் ஏற்காது. டூமுக்குள் நிழலில் இருந்தால் நீண்ட நாள் வரும். டார்ச்சுக்குப் போடும் சாதாரண பென்சில் பேட்டரியைப் போடவே கூடாது, அது சார்ஜ் ஏற்றுவதற்கானது இல்லை.

இனி வெளிச்சம். குண்டு பல்பு எல்லாப் பக்கமும் ஒளியைக் கொட்டும், டூமும் அதற்காகவே செய்தது. 5 மில்லிமீட்டர் எல்இடி அப்படியில்லை, அதன் குவிந்த மூக்கு ஒரு லென்ஸ், ஒளியைக் குறுகிய கூம்பாக முன்னால் தள்ளும். அப்படியே வைத்தால் டூமின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு பொட்டு மட்டும் பளபளக்கும். நான் நைஸ் உப்புத்தாளை மேசையில் விரித்து எல்இடியின் மூக்கை அதில் வட்டமாகத் தேய்த்தேன், இரண்டு நிமிடத்தில் மூக்கு மழுங்கி, மேல்பரப்பு பனி படிந்த கண்ணாடி மாதிரி ஆனது. அதன் பிறகு டூம் முழுக்க ஒரே மாதிரி ஒளிர்ந்தது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிவரை தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு வெளிச்சம் எதிர்பார்க்கலாம்? 600 மில்லிஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 0.72 வாட் மணி. 50 மில்லிஆம்பியர் இழுத்தால் 12 மணி நேரம் ஓடும், கிடைப்பது ஏறக்குறைய 5 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). பழைய 60 வாட் குண்டு பல்பு 700 லூமன் பக்கம் தரும். படிக்கட்டு எங்கே முடிகிறது என்று காட்ட 5 லூமன் போதும், பூட்டுத் துவாரத்தைத் தேட போதாது. அதற்கு 1 வாட் எல்இடியாவது வேண்டும். ராத்திரி முழுக்க 12 வாட் மணி என்றால் 3.2 வோல்ட், 6000 மில்லிஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் ஒன்று (19.2 வாட் மணி), அதற்கென்றே வரும் சார்ஜ் பலகை, குறைந்தது 5 வாட் பேனல். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து சோம்பல்படாமல் செய்யுங்கள். பழைய ஹோல்டருக்கு வந்த 230 வோல்ட் ஒயரை, மெயினை அணைத்துவிட்டு, சுவிட்ச் போர்டிலிருந்தே கழற்றிவிடுங்கள். விளக்குப் பக்கம் மட்டும் வெட்டி டேப் சுற்றி விட்டால், என்றைக்கோ விருந்தாளி ஒருவர் அந்தப் பழைய சுவிட்சைத் தட்டுவார், இரும்புக் கூண்டில் மின்சாரம் பாயலாம். ஒயர் நுழையும் துளையைச் சிலிக்கான் பசையால் அடையுங்கள், ஆனால் கூண்டின் அடியில் ஊசித் துளை ஒன்று திறந்தே இருக்கட்டும். எவ்வளவு அடைத்தாலும் ராத்திரிக் குளிரில் உள்ளே வியர்க்கும், அந்த நீர் எங்காவது வடிய வேண்டும்.

எங்கள் விளக்குக்கு ஐப்பசி அடைமழையில்தான் சோதனை வந்தது. இரண்டு நாள் சூரியனே தெரியவில்லை, மூன்றாம் ராத்திரி ஒன்பது மணிக்கே அணைந்துவிட்டது. பேட்டரியைப் பெரிதாக்கிப் பயனில்லை, நிரப்ப வெயில் இல்லாதபோது பெரிய குடம் எதற்கு? பழைய பேனலோடு அதே மாதிரி இன்னொரு 2 வோல்ட் பேனலைப் பக்கவாட்டில் இணைத்தேன், பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். இரண்டையும் தெற்குப் பார்க்க, தண்ணீர் வழியும் அளவுக்குச் சாய்த்து வைத்தேன், கார்த்திகை மார்கழியில் சூரியன் அந்தப் பக்கம்தானே சாய்ந்து போகும். மேகம் மூடிய பகலிலும் இப்போது நள்ளிரவு தாண்டி எரிகிறது.