உரைநிரல்: ஸ்கிரிப்ட்டுக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும், பெரிய பிள்ளைகள் சிலருக்குப் பைதான் என்ற கணினி மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாளே ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், ஸ்கிரிப்ட்டுக்குத் தமிழில் என்ன?"

இந்தச் சொல்லின் வேரை மொரிசியஸ் பிள்ளைகளுக்குக் காட்டுவது எளிது. எழுதுவதைக் கிரியோலில் 'எக்ரிர்' என்கிறோம். அது பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் ஸ்கிரிப்ட்டுக்கும் மூலம் ஒன்றுதான்: எழுதுதல் என்று பொருள்படும் 'ஸ்கிரிபெரே' என்ற லத்தீன் வினை. ஆங்கிலத்தில் அது கையெழுத்து, எழுத்துமுறை, நடிகர் பேச வேண்டிய வசனம் என்று விரிந்தது. அப்புறம் கணினிக்கு வந்தது. கணினி வரிவரியாகப் படித்துச் செய்ய வேண்டியதை எழுதிவைத்த கோப்பு ஸ்கிரிப்ட் ஆனது.

தமிழில் குறுநிரல், உரைநிரல் என்று இரண்டு சொற்கள் வழங்குகின்றன. எனக்கு உரைநிரல்தான் பிடிக்கும். குறுநிரல் அளவை மட்டும் சொல்கிறது. பைதானில் ஆயிரக்கணக்கான வரிகளும் எழுதுகிறார்கள். உரை என்பதோ பொருளின் தன்மையைச் சொல்கிறது. பைதான் கோப்பு வெறும் எழுத்துதான். எந்த உரைத்திருத்தியிலும் திறந்து, படித்து, மாற்றலாம்.

புரோகிராமைக் குறிக்கும் நிரல் அதைவிட ஆழமான சொல். நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. இதை விளக்க வகுப்பில் நடந்த ஒன்று போதும். தால் பூரிக் கணக்கு ஒன்று கொடுத்தேன். ஒரு பையன் இப்படி எழுதினான் (* என்பது பெருக்கல் குறி):

தொகை = விலை * எண்ணிக்கை
விலை = 20
எண்ணிக்கை = 3

கணினி முதல் வரியிலேயே பிழை காட்டி நின்றுவிட்டது. 'விலை' என்றால் என்ன என்று அதற்கு இன்னும் தெரியாது. கடைசி இரண்டு வரிகளை மேலே ஏற்றினான். தொகை 60 ஆனது. எழுதியதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, நிரல் மட்டும் மாறியது. இப்படித் தமிழிலேயே பெயர் வைக்க முடிவது 2008-இல் வந்த பைதான் 3-க்குப் பிறகுதான்.

நிரல் எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தத் தீவில் யாருக்கும் சொல்ல வேண்டாம். 1998-இல் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழும் இந்தியும் இடம் மாறி, தமிழ் இந்திக்குக் கீழே அச்சானபோது எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்டன.

இலக்கணம் படித்தவர்களுக்கு, சொற்களை வரிசைப்படி இணைத்துப் பொருள் கொள்ளும் நிரல்நிறை நினைவுக்கு வரும். "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது." அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன் என்று வரிசைப்படி சேர்த்துப் பொருள் கொள்கிறோம். பைதானில் அந்த மூன்று வரிக் கணக்கின் விலையையும் எண்ணிக்கையையும் ஒரே வரியில் இப்படி எழுதலாம்:

விலை, எண்ணிக்கை = 20, 3

முதலுக்கு முதல், இரண்டாவதற்கு இரண்டாவது. இது நிரல்நிறையேதான்! இதைக் கரும்பலகையில் குறளுக்குக் கீழே எழுதிக் காட்டிய அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. புரோகிராமுக்கு நிரல் என்று பெயர் வைத்தவர்கள் நம் மரபில் ஏற்கெனவே இருந்த கருத்தைத்தான் எடுத்துக்கொடுத்திருக்கிறார்கள்.

பைதான் என்பதை மட்டும் மலைப்பாம்பு என்று மொழிபெயர்க்க வேண்டாம். அது சிறப்புப்பெயர். நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ராசம் 1989 இறுதியில் எழுதத் தொடங்கி 1991-இல் வெளியிட்ட மொழி அது. பிபிசியின் 'மான்டி பைதான்' நகைச்சுவைத் தொடரை நினைத்து அவர் வைத்த பெயர். திறந்த மூல மென்பொருள் என்பதால் காசு கொடுக்காமல் எவரும் இறக்கிக்கொள்ளலாம்.

சரி, உரைநிரலை எப்படிப் புழங்குவது? பைதான் ஓர் உரைநிரல் மொழி. எழுதுபவர் நிரலர். "உரைநிரலை ஓட்டிப் பார்", "என் உரைநிரல் ஏழாவது வரியில் நிற்கிறது" என்று இயல்பாகச் சொல்லலாம். கேள்வி கேட்ட அந்தப் பெண் போன வாரம் சொன்னாள்: "மிஸ், என் உரைநிரல் ஓடிவிட்டது!"